விற்கும்போது காட்டாத நிபந்தனை, மறுக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

செல்போன் கடையில் பில் போடும் நேரத்தில்தான் அந்தக் கேள்வி வரும். “இன்சூரன்ஸும் சேத்துப் போட்டுரலாங்களாண்ணா? கீழ விழுந்தாலும், தண்ணில விழுந்தாலும், களவு போனாலும் கவலையே இல்லீங்க.” பொள்ளாச்சியில் இப்படி. கம்பத்திலும் போடியிலும் பேச்சின் இழுவை மாறும், சங்கதி மாறாது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழர்களில் பலர் போன், டி.வி. வாங்குவதென்றால் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோதான் பஸ் ஏறுகிறார்கள். இடுக்கியின் குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை, சூரியநெல்லிக்காரர்களுக்குக் கம்பம், போடி, தேனி. போன் விலையோடு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சேர்ந்தாலும் மாதத் தவணையில் நூறு, நூற்றிருபதுதான் ஏறும் என்று கடைப் பையன் கணக்குச் சொல்வான். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறோம்.

அப்போது கையில் கிடைப்பது பில்லில் ஒரு வரி. கூடவே ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி, அதில் ஒரு இணைப்பு. நிபந்தனைகள் அத்தனையும் அந்த இணைப்புக்குப் பின்னால் கிடக்கின்றன. சில மாதம் கழித்து டிஸ்பிளே நொறுங்கி, சர்வீஸ் சென்டருக்கு அலைந்து, படமெடுத்து, படிவம் நிரப்பி அனுப்பினால், ‘பாலிசி விதிகளின்படி தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதல்ல’ என்று இரண்டு வரியில் மின்னஞ்சல் வருகிறது. எந்த விதி என்று கேட்டு மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பக்கங்களை முதன்முதலாக நம் கண்ணில் காட்டுகிறார்கள்.

விற்கும்போது கையில் கொடுக்காத நிபந்தனையைக் காட்டி இழப்பீட்டை மறுக்கக் கூடாது. இந்தக் கட்டுரை கேட்பது அவ்வளவுதான். இது புதிய கோரிக்கையும் அல்ல. மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் நிறுவனம் ஓரியண்டல் இன்சூரன்ஸ் மீது தொடுத்த வழக்கில் 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: காப்பீடு எடுத்தவருக்குத் தெரிவிக்கப்படாத விலக்கு நிபந்தனையின் பின்னால் நிறுவனம் ஒளிந்துகொள்ள முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் ‘சேவைக் குறைபாடு’ என்று பிரிவு 2(11) வரையறுக்கிறது. சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் கடையில் எதுவும் மாறவில்லை. காரணம், இந்த வியாபாரம் கட்டப்பட்டிருக்கும் விதம்.

பணம் வாங்கியவர் ஒருவர், கைவிரிப்பவர் இன்னொருவர்

பணத்தை வாங்கியது கடை. திட்டத்தின் பெயரும் வண்ண அட்டையும் ‘பாதுகாப்புத் திட்டம்’ விற்கும் ஒரு நிறுவனத்துடையவை. அதற்குப் பின்னால் மும்பையிலோ புனேயிலோ தலைமை அலுவலகம் வைத்திருக்கும் காப்பீட்டு நிறுவனம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். போனைப் பிரித்துப் பார்த்து ‘இது விபத்துச் சேதம் இல்லை’ என்று எழுதுவது சர்வீஸ் சென்டர். கடையில் போய்க் கேட்டால் ‘நாங்க வித்ததோட சரிங்க’ என்பார்கள். திட்டக்காரருக்கு அழைத்தால், முடிவெடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. கம்பெனிக்கு அழைத்தால், அறிக்கை கொடுத்தது சர்வீஸ் சென்டர். அங்கே இருக்கும் இளைஞரோ தனக்கு வந்த படிவத்தில் டிக் போட்டவர், அவ்வளவே.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, நம்மிடம் விற்றது உண்மையிலேயே காப்பீடுதானா என்பது. கடைகளில் ‘இன்சூரன்ஸ்’ என்று வாய்மொழியாக விற்கப்படுவதில் ஒரு பகுதி வெறும் நீட்டித்த வாரன்ட்டி. இன்னொரு பகுதி, பழுது பார்த்துத் தருவதாகத் தனியார் நிறுவனம் எழுதிக்கொடுக்கும் சேவை ஒப்பந்தம். காப்பீடாக இருந்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் கட்டுப்பாடு உண்டு, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சேவை ஒப்பந்தமாக இருந்தால் அந்தக் கதவுகள் திறக்காது. நுகர்வோர் ஆணையம் ஒன்றுதான் வழி. பில்லில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இல்லையென்றால் சந்தேகப்படுவதற்கு நமக்கு எல்லா உரிமையும் உண்டு.

இந்தச் சங்கிலி நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. பிரிட்டனின் நிதி நடத்தை ஆணையம் 2018 அக்டோபரில் லிபர்ட்டி மியூச்சுவல் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவுக்கு 52 லட்சத்து 80 ஆயிரத்து 800 பவுண்டு அபராதம் விதித்தது. குற்றம் என்ன? செல்போன் காப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, 2010 முதல் 2015 வரை அங்கே என்ன நடக்கிறது என்று சரியாகக் கண்காணிக்கவில்லை; சில வாடிக்கையாளர்களின் கோரிக்கைகள் நியாயமில்லாமலோ போதிய விசாரணை இல்லாமலோ மறுக்கப்பட்டன. ‘மறுத்தது நாங்கள் அல்ல, அவர்கள்’ என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் கார்போன் வேர்ஹவுஸ் கடைத்தொடருக்கு 2 கோடியே 91 லட்சம் பவுண்டு. செல்போன் காப்பீட்டைத் தப்பாக விற்றதற்காக. விற்பவர்களுக்கு விற்கத்தான் பயிற்சி தரப்பட்டது, வாங்குபவருக்கு அது தேவையா என்று பார்க்கும் பயிற்சி தரப்படவில்லை என்பது அதில் முக்கியமான குற்றச்சாட்டு. கடைக்குள் வேலை செய்தவர்களே முன்வந்து தகவல் கொடுத்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. நம் ஊரில் கடைப் பையன்களின் சம்பளத்தோடு எத்தனை பாலிசி விற்றாய் என்ற கணக்கும் ஓடுகிறது என்பதைக் கடைவீதியில் நின்றால் யாரும் புரிந்துகொள்ளலாம். அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை.

ஜீப்பில் போன போன்

எல்லையில் வாழ்பவருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கம்பமெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் தினமும் விடிகாலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. நெருக்கியடித்து உட்கார்ந்து போகும் பெண்களில் ஒருவரின் போன் இறங்கும்போது இல்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கே போனது? மலைக்குக் கீழேயா, மேலேயா? கேரளக் காவல் நிலையத்தில் ‘தமிழ்நாட்டில் கொடுங்கள்’ என்பார்கள். இங்கே வந்தால் ‘அங்கே கொடும்மா’. கடைசியில் மனமிரங்கி, புகார் பெற்றதற்கான ஒரு சி.எஸ்.ஆர். ரசீது எழுதித் தருவார்கள். அதில் ‘காணாமல் போய்விட்டது’ என்று இருக்கும். காப்பீட்டு நிறுவனம் கேட்பதோ எஃப்.ஐ.ஆர். ‘காணாமல் போனது’ என்ற அந்த ஒரு வரியே கோரிக்கையை மறுக்கப் போதும், ஏனென்றால் பெரும்பாலான பாலிசிகளில் திருட்டுக்குத்தான் காப்பு, தொலைப்புக்கு இல்லை.

போலீஸ் செய்வது சட்டப்படி தவறு. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிந்தே ஆக வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. குமுளியிலும் கொடுக்கலாம், கம்பத்திலும் கொடுக்கலாம். வாயிற்காவலில் நிற்கும் காவலரிடம் இதைச் சொல்லிப் பார்க்கும் தைரியம் எத்தனை பேருக்கு வரும் என்பது வேறு கதை. எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிவிடுவது நல்லது. கையோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கச் சொல்லிப் பதிந்தால், நாம் சும்மா இருக்கவில்லை என்பதற்கு இன்னொரு சான்று கிடைக்கும்.

எஃப்.ஐ.ஆர். கிடைக்கத் தாமதமானால்? ‘நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவில்லை’ என்பது நிறுவனங்களுக்குப் பிடித்தமான காரணம். இதைக் கேட்டதும் வாடிக்கையாளர் பயந்துவிடத் தேவையில்லை. தாமதத்தை மட்டும் காட்டி நியாயமான கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று, அப்போது ஐ.ஆர்.டி.ஏ. என்றிருந்த ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு டிராக்டர் வழக்கு இதற்கு நல்ல துணை. டிராக்டர் களவு போன அன்றே போலீசில் புகார். ஆனால் ஸ்ரீராம் ஜெனரல் இன்சூரன்ஸுக்குத் தகவல் போனது 52 நாள் கழித்து. போலீசுக்கு உடனே சொல்லியிருக்கும்போது நிறுவனத்துக்குச் சொன்னதில் ஏற்பட்ட தாமதம் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்தது. டிராக்டருக்குப் பொருந்துவது போனுக்கும் பொருந்தும் என்று வாதாட இடம் நிறையவே இருக்கிறது.

ஆனால் எல்லாத் தீர்ப்பும் நம் பக்கம் இல்லை. ‘பலவந்தமாகப் பறிக்கப்பட்டால்தான் திருட்டு’ என்று பாலிசியில் எழுதியிருந்தால் என்ன செய்வது? கடைக் களவு தொடர்பான யுனைடெட் இந்தியா வழக்கொன்றில் 2004இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. குற்றவியல் சட்டத்தில் திருட்டு எப்படி வரையறுக்கப்பட்டிருந்தாலும், பாலிசியில் எழுதிய வரையறைதான் செல்லும் என்றது. எனவே ஜீப்பில் நைசாக உருவப்பட்ட போனுக்கு, பலவந்தம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அப்போது நமக்கு மிஞ்சுவது ஒரே கேள்வி: ‘களவு போனாலும் கவலையே இல்லீங்க’ என்று சொல்லி விற்றபோது, கத்தியைக் காட்டிப் பறித்தால் மட்டும்தான் என்று யார் சொன்னார்கள்? எந்தத் தாளில்? வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சிவந்துபோன ஸ்டிக்கர்

தண்ணீர்ச் சேதம் இன்னொரு வகை. சிம் கார்டு வைக்கும் தட்டை வெளியே இழுத்து, அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், பல போன்களில் உள்ளே வெள்ளையாக ஒரு சிறு ஸ்டிக்கர் தெரியும். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். சிவந்திருந்தால் வாரன்ட்டி கிடையாது என்று உற்பத்தியாளர் கைகழுவுகிறார். சரி, அதற்குத்தானே தனியாகக் காப்பீடு எடுத்தோம் என்று அங்கே போனால், ‘திடீர் விபத்தாகத் தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும், மெல்ல மெல்ல ஈரம் ஏறியதற்குக் காப்பு இல்லை’ என்கிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் பீர்மேட்டிலும் மூணாறிலும் மாதக்கணக்கில் துணியே காயாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் நிற்கிறார்கள். அவர்களுடைய போனுக்குள் ஈரம் எந்த நிமிடத்தில் ஏறியது என்று சொல்லச் சொல்வது, இழப்பீடு தர மனமில்லை என்பதை நாகரிகமாகச் சொல்வதுதான்.

இதற்குப் பொருத்தமான தீர்ப்பு 2022 நவம்பரில் வந்தது. டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் நிறுவனம் டாடா ஏ.ஐ.ஜி.யிடம் கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுத்திருந்தது. கடை இருந்தது தரைக்குக் கீழ்த்தளத்தில். கீழ்த்தளத்துக்குக் காப்பு இல்லை என்று பாலிசியில் ஒரு விலக்கு. கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தே பிரீமியம் வாங்கியவர்கள், தீப்பிடித்த பிறகு அந்த விலக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒப்பந்தத்தின் நோக்கத்தையே அழிக்கும் விலக்கு செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். இடுக்கி முகவரியை பில்லில் எழுதிக்கொண்டு, தண்ணீருக்கும் காப்பு உண்டு என்று விற்றுவிட்டு, ஈரத்துக்கு இல்லை என்பது அதே ரகம்தான் என்பது என் வாதம்.

பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் தன் பெயரில் தவணை போட்டு வாங்கிய போனை மூணாறு தோட்டத்து லயன் வீட்டில் இருக்கும் அம்மா வைத்திருப்பார். ‘பாலிசிதாரர் கையில் இல்லாதபோது நேர்ந்த சேதம்’ என்று அதற்கும் மறுப்பு வரலாம். ஒரு வீட்டில் ஒரு போனை நாலு பேர் எடுத்துப் பேசும் நாட்டில், விற்கும்போதே ‘யார் பயன்படுத்தப் போகிறார்கள்?’ என்று கேட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. கேட்டால் விற்பனை தாமதமாகும்.

எங்கே போய்க் கேட்பது

மறுப்பை எழுத்தில் வாங்குவதுதான் முதல் வேலை. தொலைபேசியில் சொன்னது எதுவும் கணக்கில் வராது. எழுத்தில் வாங்கிவிட்டால் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு: மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைப் பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஒரு கடிதம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் ஒரு புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கேரளத்தில் வசிப்பவருக்கு அலுவலகம் கொச்சியில். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் இடும் உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

எல்லைக்காரர்களுக்கு உண்மையான ஆயுதம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1986ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில், எதிர்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை முளைத்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். கோவையில் வாங்கிய போனுக்குக் கொழிஞ்சாம்பாறைக்காரர் கோவைக்கு நடக்க வேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, அல்லது பிழைப்புக்கு வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது. கடை தமிழ்நாட்டில், நிறுவனம் மகாராஷ்டிரத்தில், வீடு பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் என்றால் பாலக்காடு ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். காணொலி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். இடுக்கியின் மறையூரிலும் வட்டவடையிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசி வசதி ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும். கெடு இரண்டு ஆண்டு. கடை, திட்ட நிறுவனம், காப்பீட்டு நிறுவனம், சர்வீஸ் சென்டர் நான்கு பேரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிட்டால், ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டும் விளையாட்டை ஆணையத்தின் முன் ஆடட்டும்.

எவ்வளவு கேட்பது? போனின் விலை, நியாயமான தேய்மானம் போக. மறுத்த நாளிலிருந்து வட்டி. அலைச்சலுக்கும் செலவுக்கும் தனியாக ஒரு தொகை. பதினெட்டாயிரம் ரூபாய் போனுக்கு மன உளைச்சல் ஐந்து லட்சம் என்று எழுதிக்கொடுப்பவர்கள் தங்கள் வழக்கைத் தாங்களே மலிவாக்கிக்கொள்கிறார்கள். நிறுவனம் மேல்முறையீடு போக வேண்டுமென்றால், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் பிரிவு 72இன்படி குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ, ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ. மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிக் காத்திருக்க வேண்டாம். வாய்தாக்கள் இருக்கும்.

நிறுவனங்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. உடைந்த போனுக்குப் பாலிசி எடுப்பவர்கள், பாலிசி முடியும் வாரத்தில் போனைப் படியில் போடுபவர்கள் நம் ஊரில் இல்லாமல் இல்லை. அதற்காகத்தான் விலக்குகள், புகைப்படங்கள், ஆய்வுகள். அவை இருக்கட்டும். ஏமாற்றுபவரைப் பிடிக்க வைத்த வலையில் தெரியாமல் வாங்கியவர் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால், வலை எங்கே விரித்திருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொதுக் காப்பீட்டுக்கான 2024 ஜூன் மாத முதன்மைச் சுற்றறிக்கையில், ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்கக் கூடாது, கேட்க வேண்டிய ஆவணத்தைப் பாலிசி தரும்போதே கேட்டுவிட வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. மருத்துவக் காப்பீட்டில் 2024 ஜனவரி முதல், எதற்குக் காப்பு, எதற்கு இல்லை என்று எளிய மொழியில் எழுதிய தகவல் தாளை வாடிக்கையாளர் கேட்டால் அவருடைய மொழியிலேயே தர வேண்டும். அதே தாள் செல்போன் கடையின் பில் மேசையில் ஏன் இருக்கக் கூடாது? தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே கடிதம் எழுதலாம் என்று 1969ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றிய மாநிலம் கேரளம். அந்த மாநிலத்தின் தேயிலைத் தோட்டத்தில் வாழும் தமிழ்ப் பெண், தான் பணம் கொடுத்து வாங்கிய காப்பீட்டின் விலக்குகளைத் தமிழில் படிக்க முடியாமல் இருப்பது விநோதம்தான்.

இன்னொரு திருத்தம் நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரத்தை 2019 சட்டம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே கொடுத்திருக்கிறது, பிரிவு 49இலும் 59இலும். மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. கேரள மாநில ஆணையம் திருவனந்தபுரத்தில். பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்காக மறையூரிலிருந்து அங்கே வக்கீல் வைத்து வழக்காட யாரும் போகப் போவதில்லை என்பது நிபந்தனைகளை எழுதுபவர்களுக்குத் தெரியும். அந்த அதிகாரம் பாலக்காட்டு ஆணையத்துக்கும் இடுக்கி ஆணையத்துக்கும் வந்தால், நிபந்தனையை எழுதுகிறவரின் பேனா கொஞ்சம் யோசித்து நகரும்.